இரண்டு பாடம் போதும் என்றவளுக்கு

என்ர வாயாடி மச்சாள் சுபாவுக்கு,

நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் ஏதாவது நக்கலாகச் சொல்வாய். நான் இருக்கும் இடத்தைச் சொல்கிறேன். நீயும் நானும் சேர்ந்து படிப்பதாக இருந்த அதே பல்கலைக்கழகத்தின் நூலகத்தில், கண்ணாடிச் சுவர் ஓரமாக இருக்கிறேன். வியாழக்கிழமை மதியம். வகுப்பு முடிந்துவிட்டது. வீட்டுக்குப் போகும் டண்டினொங் பஸ்ஸை வேண்டுமென்றே தவறவிட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

நாளை வெள்ளி. எடுத்த பாடங்களில் எதையாவது விடுவதென்றால் நாளைக்குள் விட வேண்டும். அதற்குப் பிறகு விட்டால் கட்டணமும் தலையில் விழும், பேரும் கெடும். நான் எத்தனை பாடம் எடுத்திருக்கிறேன் தெரியுமா? நாலு. ஓம், நாலு. "உனக்கென்ன விசரா?" என்று நீ கத்துவது இங்கே கேட்கிறது. சத்தம் போடாதே, இது நூலகம்.

மார்கழி விடுமுறையில் உன் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்துதான் பாடங்களைத் தெரிவு செய்தோம். நீ சிறுவர் பராமரிப்பு நிலையத்தில் உதவியாளராகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தாய். ஒவ்வொரு வருடமும் உன்னைவிட வயது குறைந்த ஒருத்தி டீச்சராக வந்து உனக்கு வேலை சொல்லுவாள். "இனி நான் டீச்சராகப் போறன், நீயும் வா. வெயர்ஹவுசில பெட்டி ஒட்டினது காணும்" என்றாய். எனக்குப் படிக்கும் ஆசை இருந்ததா, உன்னோடு காரில் கதைத்துக்கொண்டு போய்வரும் ஆசை இருந்ததா? இன்றைக்கும் சரியாகத் தெரியவில்லை.

முதல் தவணைக்கு எத்தனை பாடம் என்பதில்தான் சண்டை வந்தது.

"ரெண்டு காணும்" என்றாய்.

"ரெண்டு பாடம் எடுக்கிறதும் ஒரு படிப்போ? ஊரில ஏஎல் சோதனைக்கே நாலு பாடம் எடுத்தனாங்கள்."

"ஏஎல் எடுக்கேக்க சோறு அம்மா சமைச்சவ. இப்ப ஆர் சமைக்கிறது, என்ர அண்ணரோ?"

உன் அண்ணன், அதுதான் என் வீட்டுக்காரர், முன் அறையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தோம். கடைசியில் உன் சொல்தான் வென்றது. ஆளுக்கு இரண்டு. செவ்வாய் ஒன்று, வியாழன் ஒன்று, இரண்டிலும் இருவருக்கும் ஒரே வகுப்பு. ஆனாலும் எனக்குள் ஒரு குறுகுறுப்பு இருந்தது. எங்கள் ஆட்களிடம் 'பாதிப் பாடம்தான் எடுத்திருக்கிறேன்' என்று சொல்லிப் பார். 'ஏன், உடம்புக்கு ஏலாதோ?' என்று கேட்பார்கள்.

பிறகு ஒரு சனிக்கிழமை காலை நீ பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாய். தலைக்குள் இரத்தக் குழாய் வெடித்துவிட்டதாம். இவர் போனை வைத்துவிட்டு "சுபாவுக்கு என்னவோ..." என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் நான் என்ன செய்தேன் தெரியுமா? உனக்குப் போன் எடுத்தேன். சுபாவுக்கு என்ன நடந்தது என்று கேட்பதற்குச் சுபாவுக்கே எடுத்தேன். நீ எடுக்கவில்லை என்று கோபம் வேறு பட்டேன்.

உன் முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடிந்த கையோடு பல்கலைக்கழகத்தில் அறிமுக வாரம் தொடங்கியது. எல்லாரும் 'அடுத்த வருடம் பார்க்கலாம்' என்றார்கள். நான் போனேன். பாடங்கள் பற்றி விளக்கம் சொல்லும் மேசையில் ஒரு பொடியன் இருந்தான். நல்ல பிள்ளை. "இரண்டு பாடம் பதிந்திருக்கிறீர்கள், அப்படியே இருக்கட்டுமா?" என்று கேட்டான்.

"நாலு" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே திடுக்கிட்டது. அவன், வேலை இருக்கிறதா, வீட்டில் பொறுப்பு இருக்கிறதா, முதல் தவணைக்கு இது பாரமாகாதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஆனால் மனதில் ஓடிய கணக்கு வேறு. உன்னுடைய இரண்டு, என்னுடைய இரண்டு. இருவருடையதும் ஒரே பாடங்கள் என்பதால் உன் பங்குக்கு வேறு இரண்டைப் பதிந்தேன். யாராவது ஒருத்தி உன்னுடையதைப் படிக்கத்தானே வேண்டும்? இப்போது எழுத்தில் பார்க்கும்போது விசர்க் கதையாகத் தெரிகிறது. அன்றைக்கு எனக்கு அது சரியான கணக்காகவே பட்டது.

வீட்டில் சொன்னதும், தானும் பல்கலைக்கழகம் போகும் என் மகள் நிலானி கையில் இருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டாள். "அம்மா, ஆர் யூ சீரியஸ்? நான் வேலைக்கும் போறேல்ல, சமைக்கிறதும் இல்ல, எனக்கே நாலு டூ மச்." டண்டினொங் மரக்கறிக் கடையில் சந்தித்த அன்ரிமார் மட்டும் "நாலு பாடமோ! கெட்டிக்காரி!" என்று வாயில் கைவைத்தார்கள். எனக்கு அது இனித்தது. பொய் சொல்லமாட்டேன்.

இனித்தான் உனக்குச் சொல்லக் கூச்சமான விஷயம் வருகிறது. முதல் செவ்வாய். வகுப்பில் முழுக்க நிலானி வயதுப் பிள்ளைகள். விரிவுரையாளர் ஹெலன் நரைத்த தலை, கனிந்த குரல். இடாப்பை எடுத்துப் பேர் வாசிக்கத் தொடங்கினார். ஒவ்வொருவரும் கையை உயர்த்தினார்கள். நடுவில் "சுபாஜினி" என்றார்.

யாரும் உன் பேரை எடுத்துவிடச் சொல்லவில்லை, சுபா. வேலைக்குச் சொன்னார்கள், வங்கிக்குச் சொன்னார்கள், பல்கலைக்கழகம் ஒருவருக்கும் நினைவில் இல்லை. எனக்கும் இல்லை. ஹெலன் நிமிர்ந்து பார்த்தார். திரும்பவும் "சுபாஜினி?" என்றார். அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. பேருக்கு நேரே கோடு போடப் பேனையைக் கொண்டுபோனார். என் கை உயர்ந்துவிட்டது.

ஊரில் நீ சைக்கிளுக்குக் காற்றுப் போனது, அது இது என்று பிந்தி வரும் நாட்களில் உனக்காகப் "பிரசன்ட் டீச்சர்" சொல்லிப் பழகிய வாய்தானே இது? அந்தப் பழக்கம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அதோடு முடியவில்லை. சற்றுப் பொறுத்து ஹெலன் "வதனி" என்றார். நான் பேசாமல் இருந்தேன். இரண்டு தரம் கூப்பிட்டார். என் பேருக்கு நேரே கோடு விழுந்தது. செத்த நீ வகுப்பில் இருக்கிறாய், உயிரோடு இருக்கும் நான் வரவில்லை.

அடுத்த வகுப்பில் சரியாகச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். வியாழனும் அதே ஹெலன், அதே பிள்ளைகள், அப்படியே நடந்தது. பிறகு பிள்ளைகள் "சுபா, சுபா" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். ஒரு நாளில் இத்தனை தரம் உன் பேரை நான் எங்கே கேட்பது? எங்கள் வீட்டில் ஒருவரும் உன் பேரை எடுப்பதில்லை. இவர் எடுக்கமாட்டார். எடுத்தால் உடைந்துவிடுவார். இங்கே தண்ணீர்ப் போத்தலை மறந்தாலும் "சுபா!" என்று பின்னாலே ஓடி வருகிறார்கள்.

அந்த இரண்டு வகுப்பிலும் நான் நீ. புதிதாக எடுத்த மற்ற இரண்டிலும் நான் நானே. நீயாக இருக்கும் நேரம் நன்றாகக் கதைக்கிறேன், பகிடி விடுகிறேன், கேள்வி கேட்கிறேன். வதனியாக இருக்கும் வகுப்பில் பின் வரிசையில் இருந்து நித்திரை தூங்குகிறேன். வெயர்ஹவுசில் ஒரு நாள் விலாசம் மாற்றி ஒட்டி ஏச்சு வாங்கினேன். வீட்டில் சோறு அடிப்பிடிக்கிறது. எழுதிக் கொடுக்க வேண்டிய இரண்டு வேலைகளுக்கு நாள் தாண்டிவிட்டது. இப்படியே போனால் நாலிலும் கவிழ்வேன், பிறகு இந்த வயதில் திரும்ப விடுவார்களா?

ஒரு விஷயம் மட்டும் எதிர்பாராமல் நடந்தது. செவ்வாய்ப் பாடம் பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றியது. ஒரு பிள்ளை விளையாடுவதைக் குறுக்கிடாமல் பார்த்து, கண்டதை எழுத வேண்டும். பக்கத்து வீட்டுச் சின்னவன் வாளித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாமல் சீமெந்துக்கு ஊற்றி, அது காயும்வரை பார்த்துக்கொண்டு நின்றதை எழுதினேன். எழுதி முடித்தபோது உன்னை நினைக்காமல் இவ்வளவு நேரம் இருந்திருக்கிறேன் என்று திடுக்கிட்டது. எனக்கு அது பிடித்திருந்தது, சுபா. உனக்காக இல்லை, எனக்கே பிடித்திருந்தது.

போன வாரம் ஹெலன் என்னை நிறுத்தினார். "சுபாஜினி, வதனி உங்களுக்குத் தெரிந்தவரா? இருவரும் ஒரே நாளில் பதிந்திருக்கிறீர்கள்" என்றார். "மச்சாள்" என்றேன். அந்தச் சொல்லை அவருக்கு விளங்கப்படுத்தினேன்.

"அவர் வகுப்புக்கே வருவதில்லை, ஆனால் அருமையாக எழுதி அனுப்பியிருக்கிறார். நீங்கள் தவறாமல் வருகிறீர்கள், ஒன்றும் எழுதவில்லை" என்று சிரித்தார். எழுத்து வேலைகளை இணையத்தில் என் கணக்கால் அனுப்பியதால் அவை என் பேரில்தான் போயிருந்தன. பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவர் நாலு பாடம் எடுத்திருக்கிறார். அது அதிகம் என்று அவருக்குச் சொல்லுங்கள். குறைத்து எடுப்பதில் ஒரு வெட்கமும் இல்லை. ஒரே ஒரு பாடம் என்றாலும் பரவாயில்லை, ஆளாக வந்து இருக்கச் சொல்லுங்கள்."

"சொல்கிறேன்" என்றேன். வேறென்ன சொல்வது? நீ குசினியில் சொன்னதையே ஒரு வெள்ளைக்காரப் பெண், என்னை நீ என்று நினைத்துக்கொண்டு, எனக்குச் சொல்லச் சொல்லி அனுப்புகிறாள். கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை. திகைப்புத்தான்.

அப்போதும் நான் திருந்தவில்லை. இந்தச் செவ்வாய் மட்டும் வராமல் இருந்திருந்தால் நாளைய நாளும் அப்படியே கடந்து போயிருக்கும்.

செவ்வாய் வகுப்பு முடிந்து வெளியே வருகிறேன். பின்னாலிருந்து ஆமினா கூப்பிடுகிறாள். எங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஆப்கான் பிள்ளை, வகுப்பில் என் பக்கத்துக் கதிரை. "சுபா! சுபா, நில்!" நடைபாதையில் சுவரோடு நின்ற ஒரு மனிதர் சடாரென்று திரும்பினார். உன்ர மனுசன் ரவி. ரவி அண்ணை.

அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தார். கதவையே பார்த்தார்.

"எங்க அவ?" என்று கேட்டார்.

சுபா, அந்த முகத்தை நான் எப்படி உனக்கு எழுதுவேன்? தாடி வளர்ந்து, சேர்ட் பொத்தான் மாறிப் பூட்டியிருந்தது. கையில் உன் போன். ஒவ்வொரு நாளும் அதற்குச் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறார். அதில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு செய்தி வந்திருக்கிறது. வகுப்புகளுக்கு ஒழுங்காக வருகிறீர்கள், மகிழ்ச்சி, ஆனால் எழுத்து வேலை ஒன்றும் வந்து சேரவில்லை, உதவி தேவையா என்று.

"வதனி, இதில அவ வகுப்புக்கு வாறா எண்டு கிடக்கு" என்றார். "எனக்குத் தெரியும். மகன் கொள்ளி வைக்கேக்க நான் பக்கத்தில நிண்டனான். எண்டாலும் காரை எடுத்துக்கொண்டு வந்திட்டன். ஒருக்காப் பாப்பம் எண்டு..."

"அண்ணை, அது நான்" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. திரும்பவும் சொன்னேன். இடாப்பு, கை உயர்த்தியது, எல்லாம் சொன்னேன். அவர் பக்கத்தில் இருந்த மர வாங்கில் மெதுவாக அமர்ந்துவிட்டார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு செய்தியை நம்பி அவ்வளவு தூரம் ஓடி வந்த மனிதனுக்கு இரண்டாம் தரம் உன்னைச் சாகக் கொடுத்தது நான்தான்.

அவர் கேட்டது இதுதான். "இஞ்ச ஆக்கள் அவவோட நல்லாப் பழகினவையோ?"

"ஓம் அண்ணை" என்றேன். "எல்லாருக்கும் அவவைப் பிடிக்கும்."

அவர் தலையை ஆட்டினார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். "அவவின்ர பேரை எடுக்கச் சொல்லி நான் சொல்லுறன். அது நான்தான் சொல்ல வேணும். நீ உன்ர பக்கத்தைச் சொல்லு" என்றார். ஆமினா தண்ணீர்ப் போத்தலோடு தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஒன்றும் விளங்காவிட்டாலும் கிட்ட வரவில்லை.

நேற்று வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். நிலானி ஒரு வழி சொன்னாள். "அந்த ரெண்டு கிளாஸையும் ட்ரொப் பண்ணுங்கோ அம்மா. மற்ற ரெண்டில நீங்கள் நீங்கள்தானே. நோபடி வில் நோ." புத்திசாலிப் பிள்ளை. வெட்கப்படாமல் தப்ப அது நல்ல வழிதான்.

இவர் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "சுபா எந்த ரெண்டை எடுக்கச் சொன்னவள்?" என்று கேட்டார். நீ போனதற்குப் பிறகு அவர் வாயால் உன் பேர் வந்தது அதுதான் முதல் தரம். மூன்று பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டோம்.

இன்று காலை வகுப்புக்கு முன்பே ஹெலனிடம் போனேன். உன் பேருக்கு நான் கை உயர்த்தியதைச் சொன்னதும் அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அவர் கண் கலங்கியபோதுதான் எனக்குப் பயம் கொஞ்சம் விட்டது. இடாப்பைத் திருத்தலாம், மேலிடத்துக்கு நடந்ததை எழுதித் தர வேண்டும் என்றார். "வகுப்புக்கு நான் சொல்லட்டுமா, நீங்கள் சொல்கிறீர்களா?" என்று கேட்டார்.

நான் சொன்னேன். எழும்பி நின்று, என் பேர் வதனி என்றேன். சுபா என் மச்சாள், பள்ளிக்கூடம் தொட்டு என் சினேகிதி, என்னோடு இங்கே வந்து இருக்க வேண்டியவள், மாசியில் போய்விட்டாள் என்றேன். என் இங்கிலீஷ் எங்கெங்கோ உடைந்தது. ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் ஆமினா என் கையைப் பிடித்தாள். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். "உங்கள் வீட்டுக்கு எப்போது வரலாம்?" என்று கேட்டாள். எதற்கு என்றேன். "துக்கம் கேட்க" என்றாள். "யாரையாவது இழந்தவர் வீட்டுக்குப் போய் அவரோடு இருக்க வேண்டும். அம்மாவையும் கூட்டி வருகிறேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உன் செத்தவீட்டில் வந்தவர்கள் எல்லாரும் ரவி அண்ணையின் கையைப் பிடித்தார்கள். உன் மகனைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். உன் அண்ணனுக்குப் பக்கத்தில் இருந்தார்கள். எல்லாம் சரிதான், அப்படித்தான் இருக்க வேண்டும். மச்சாள்காரி எங்கே இருந்தாள்? உன் குசினியில் நின்று வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். "சீனி குறைச்சு" என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். "உனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டவர் ஒருவர் இல்லை. நானும் கேட்க வேண்டும் என்று நினைக்கவில்லை. மச்சாளுக்கு யார் துக்கம் விசாரிப்பது? எங்களில் அதற்கு ஒரு இடமே இல்லையே.

அதனால்தானா நான் கையை உயர்த்தினேன்? எனக்குத் தெரியாது, சுபா. உனக்குத் தெரிந்தால் சொல்.

நாளைக் காலை புதிதாக எடுத்த இரண்டையும் விட்டுவிடுவேன். நீ சொன்ன இரண்டையும், எல்லாருக்கும் என் கதை தெரிந்த அந்த இரண்டையும், வைத்துக்கொள்வேன். மரக்கறிக் கடை அன்ரிமார் கேட்டால் இரண்டு பாடம்தான் என்று வாய் திறந்து சொல்வேன். இரண்டு இரண்டாகப் படித்து முடிக்க எவ்வளவு காலம் எடுத்தாலும் எடுக்கட்டும். நான் டீச்சராகும்போது தலை முழுக்க நரைத்திருக்கும், பிள்ளைகள் பாட்டி என்று கூப்பிடும். கூப்பிடட்டும். அழுது முடித்துவிட்டுப் படிப்பேன் என்று உனக்கு வாக்குத் தரமாட்டேன். அழுதுகொண்டே படிப்பேன். என் பேரில் படிப்பேன்.

சனிக்கிழமை ஆமினாவும் தாயும் வருகிறார்கள். உனக்காக என்னைத் தேடி என் வீட்டுக்கு வரும் முதல் ஆட்கள். தேத்தண்ணியை நிலானி போடட்டும். நான் முன் அறைக் கதிரையில் இருக்கப் போகிறேன்.

உன் அண்ணனைக் கட்டுவதற்கு முன்பே உனக்குச் சொந்தமாகிப்போன,
உன் மச்சாள்
வதனி